மெதுவாகத்தான் இடித்தது

(திருநின்றவூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மோட்டார் வாகன விபத்து வழக்குகளில் நெடுங்காலம் வாதாடியவன் என்பதால், பெரிய இழப்பீட்டுத் தீர்ப்புகளைப் பற்றிப் பேசும்படி அறக்கட்டளைக் குழுவினர் கேட்டார்கள். கோடி ரூபாய்த் தீர்ப்புகள் செய்தித்தாளில் படத்தோடு வந்துவிடுகின்றன. அவற்றுக்கு நான் எதற்கு? பின்னால் வந்த கார் முன்னால் நின்ற ஆட்டோவைத் தட்டியது, திரும்பிய வேன் பைக்கின் கைப்பிடியை உரசியது, இப்படி எந்தப் பத்திரிகையிலும் வராத விபத்துகளைப் பற்றிப் பேசுகிறேன். உயிர் போகவில்லை, காலும் முறியவில்லை. ஆனால் ஒருவர் ஒன்றரை மாதம் கழுத்தைத் திருப்ப முடியாமல் கிடந்தார். அவருக்குச் சட்டம் என்ன கொடுக்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

இதைப் பேச நம் ஊரைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. காலை ஏழரை மணிக்கு சி.டி.எச். ரோட்டில் வந்து நின்றால் தெரியும். சென்னையிலிருந்து திருவள்ளூர் வழியாகத் திருப்பதிக்குப் போகிற நெடுஞ்சாலை இது. அதே நேரத்தில் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்களின் தெருவும், காய்கறிக் கடைக்காரரின் வாசலும், ஷேர் ஆட்டோ ஸ்டாண்டும் இதுவேதான். அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் போகிற கம்பெனி பஸ்கள் ஒரு பக்கம். பாக்கம் வழியாகப் பெரியபாளையம் ரோட்டிலிருந்து வந்து சேருகிற வண்டிகள் ஒரு பக்கம். நெமிலிச்சேரியில் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலைக்காக ஏறி இறங்குகிற கன்டெய்னர் லாரிகள் இன்னொரு பக்கம். இந்த நெரிசலில் யாரும் எண்பதில் போக முடியாது. பத்து, பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து, நின்று, மறுபடி ஊர்கிறோம். அதனால் இங்கே நடக்கிற இடி பெரும்பாலும் மெதுவான இடிதான்.

இடித்த பிறகு நடக்கிற பேச்சு எல்லாருக்கும் மனப்பாடம். “மெதுவாத்தானே சார் இடிச்சுது, பம்பர்கூட நசுங்கல.” “ரத்தம் வரலியே அக்கா, எழுந்து நடங்க, சரியாயிடும்.” கூட்டத்தில் ஒரு நடுவர் முளைப்பார். “கேஸு கீஸுன்னு அலையாதீங்க, செலவுக்குக் கையில ஏதாவது வாங்கிக்கிட்டுப் போங்க.” ஆயிரமோ இரண்டாயிரமோ கை மாறும். பின்னால் ஹாரன் அடிக்கிறவர்களின் அவசரத்தில் ஐந்து நிமிடத்துக்குள் வழக்கு முடிந்துவிடும். அந்த நிமிடம் வரை வலியே தொடங்கியிருக்காது. மறுநாள் காலை படுக்கையிலிருந்து எழும்போதுதான் கழுத்து திரும்ப மறுக்கும்.

பம்பர் நசுங்கவில்லை என்பதற்கும் கழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதற்கும் இடையில் எத்தனை தூரம் என்று பார்ப்போம். நின்றுகொண்டிருக்கும் காரைப் பின்னாலிருந்து இன்னொரு கார் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் இடிக்கிறது. அதாவது வினாடிக்கு நான்கு மீட்டருக்குச் சற்று மேல். இருக்கை நம் முதுகை முன்னே தள்ளுகிறது. நான்கரை, ஐந்து கிலோ எடையுள்ள தலையோ இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கழுத்தில், கீழ் எலும்புகள் பின்பக்கமாகவும் மேல் எலும்புகள் முன்பக்கமாகவும் ஒரே நேரத்தில் வளைகின்றன. இயல்பான எந்த அசைவிலும் கழுத்து இப்படி இரட்டை வளைவாக வளைவதில்லை. இவ்வளவும் ஏறக்குறைய ஒரு வினாடியின் பத்தில் ஒரு பங்குக்குள் நடந்துவிடுகிறது. தசை இறுகிக் கழுத்தைக் காப்பாற்ற அந்த நேரம் போதாது. தசைநார், மூட்டின் உறை, தசை ஆகியவற்றில் விழுகிற இந்தக் காயத்தை எக்ஸ்ரே காட்டாது. பல நேரம் எம்.ஆர்.ஐ.யிலும் தெரியாது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடுகிறது. சிலருக்கு இழுத்துக்கொண்டே போகிறது.

இது கார் இருக்கையில், தலைக்குப் பின்னால் மெத்தையோடு உட்கார்ந்திருப்பவரின் கதை. நம் ஷேர் ஆட்டோவில் தலைக்குப் பின்னால் இரும்புக் கம்பி. முழங்காலுக்கு முன்னால் இன்னொரு கம்பி. மூன்று பேர் இடத்தில் ஐந்து பேர். பைக்கில் போகிறவருக்கு வேகம் என்ற கணக்கே பொருந்தாது. கார் பத்து கிலோமீட்டரில் தட்டினாலும் அவர் விழுவது தார் ரோட்டில். விழும்போது கையை ஊன்றுவார், மணிக்கட்டு போகும். தோளில் விழுந்தால் காறையெலும்பு. காரோட்டிக்கு அது மெதுவான இடிதான்.

இனி காகிதத்துக்கு வருகிறேன். என் தொழில் அனுபவத்தில், சிறு காயத்தின் வழக்கு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் தோற்பதில்லை. முதல் நாள் இரவே மருத்துவமனைச் சீட்டில் தோற்றுவிடுகிறது.

விபத்தில் அடிபட்டவர் மருத்துவமனைக்குப் போனால் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். ஏ.ஆர். காப்பி என்று நாம் சொல்வது இதைத்தான். எப்படி அடிபட்டது, எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்று கேட்டு, கூட வந்தவர் சொல்வதை டியூட்டி டாக்டர் இரண்டு வரியில் குறித்துக்கொள்வார். கூட வந்த மைத்துனர் பதற்றத்தில் “பைக்ல இருந்து விழுந்துட்டாரு டாக்டர்” என்பார். அவர் சொன்னது பொய்யில்லை, விழுந்ததும் உண்மைதான். ஆனால் கார் இடித்ததால் விழுந்தார் என்ற பாதி அந்த வாக்கியத்தில் இல்லை. ஏட்டில் ‘வண்டியிலிருந்து தானாக விழுந்தது’ என்று ஏறிவிடும். இரண்டு ஆண்டு கழித்து இன்சூரன்ஸ் வக்கீல் குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வரியை மட்டும் சத்தமாகப் படிப்பார். முழங்கால் சிராய்ப்புக்கு மருந்து போட்டுக்கொண்டு வந்தவரின் சீட்டில் கழுத்து என்ற சொல்லே இருக்காது, ஏனென்றால் அன்றைக்குக் கழுத்து வலிக்கவில்லை. மறுநாள் திரும்பப் போய் “நேற்று நடந்த விபத்துக்குப் பிறகு இப்போது கழுத்து வலிக்கிறது” என்று எழுதி வாங்குகிறவர் நூற்றில் ஒருவர்கூட இல்லை என்பேன். இது என் ஊகக் கணக்குதான்.

அடுத்து காவல் நிலையம். நம் மாநிலத்தில் புகார் கொடுத்ததும் சி.எஸ்.ஆர். என்று ஒரு ரசீது கொடுத்து அனுப்புகிற வழக்கம் இருக்கிறது. பலர் அதையே எஃப்.ஐ.ஆர். என்று நினைத்துப் பத்திரமாக மடித்து வைத்திருப்பார்கள். புகாரைப் பெற்றுக்கொண்டோம் என்பதற்கு மேல் அந்த ரசீதில் ஒன்றும் இல்லை. முதல் தகவல் அறிக்கை பதிவானால்தான் புலனாய்வு உண்டு, வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் பார்ப்பார், இன்சூரன்ஸ் விவரம் வெளிவரும். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 159ஆம் பிரிவின்படி, புலனாய்வு அதிகாரி மூன்று மாதத்துக்குள் விபத்துத் தகவல் அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். 166ஆம் பிரிவின்படி அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாகத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ள வேண்டும். அடிபட்டவர் வக்கீலைத் தேடி அலையாமலேயே வழக்கு தொடங்கிவிடும் என்பது காகிதத்தில் அழகான ஏற்பாடு. சி.எஸ்.ஆரோடு நின்றுபோன வழக்கில் இந்தச் சக்கரம் சுழலவே ஆரம்பிப்பதில்லை.

தாமதமாகப் புகார் கொடுத்தாலே எல்லாம் போயிற்று என்றும் நினைக்க வேண்டாம். ரவி எதிர் பத்ரிநாராயண் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. அடிபட்டவர் முதலில் சிகிச்சையைத்தான் பார்ப்பார், காவல் நிலையத்துக்கு ஓட மாட்டார். தாமதம் ஒன்றையே காரணமாக்கி வழக்கைச் சந்தேகிக்கக் கூடாது. பொருத்தமான விளக்கமும் மருத்துவச் சீட்டும் இருந்தால் போதும்.

அந்தச் சீட்டில்தான் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. இதே நெடுஞ்சாலையில் நேராகப் போனால் திருத்தணி, நகரி, அப்புறம் புத்தூர். எலும்பு முறிவு, பிசகல், சுளுக்கு என்றால் புத்தூர் கட்டு என்று தலைமுறைகளாக நம் மக்கள் போகிறார்கள். அந்தப் பெயரில் பலகை மாட்டிய வைத்தியசாலைகள் வழியெங்கும் உண்டு. அந்த வைத்தியத்தைக் குறை சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை, விருப்பமும் இல்லை. கட்டு வேலை செய்கிறதா என்பது டாக்டர்கள் பேச வேண்டிய விஷயம். வழக்கறிஞனாக நான் சொல்வது ஒன்றுதான்: அங்கே விபத்துப் பதிவேடு கிடையாது. நேராக அங்கே போய்க் கட்டிக்கொண்டு வருகிறவரின் காயம் சட்டத்தின் கண்ணில் நிகழாத காயம். முதலில் ஓர் அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து, ஏ.ஆரில் பதிந்துவிட்டு, அதன்பிறகு எங்கே வேண்டுமானாலும் போங்கள்.

சட்டம் காயத்தை எப்படி அளக்கிறது? கொடுங்காயம், சாதாரணக் காயம் என்று இரண்டே தட்டுகள். எலும்பு முறிந்தால், மூட்டு விலகினால், பல் உடைந்தால் கொடுங்காயம். முறிந்தது சுண்டுவிரல் எலும்பாக இருந்தாலும் அப்படித்தான். அந்தப் பட்டியலின் கடைசியில் ஒரு வரி உண்டு. குறிப்பிட்ட நாட்களுக்குக் கடுமையான உடல்வலியோடு இருந்தாலோ, வழக்கமான வேலையைப் பார்க்க முடியாமல் போனாலோ அதுவும் கொடுங்காயம்தான். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 320ஆம் பிரிவில் அது இருபது நாள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆம் பிரிவில் பதினைந்து நாள். கழுத்து பிடித்துப் பதினாறு நாள் தையல் மெஷினில் உட்கார முடியாத பெண்ணுக்கு இந்த வரி ஒரு வாசலைத் திறந்துவைத்திருக்கிறது. ஆனால் காயச் சான்றிதழ் எழுதுகிற மருத்துவர் அவரை முதல் நாள் ஒரு முறை பார்த்ததோடு சரி. பதினைந்து நாளை யார் எண்ணுவது? எக்ஸ்ரேயில் கோடு இல்லையென்றால் ‘சாதாரணக் காயம்’ என்று எழுதிவிடுகிறார்கள். அந்த வரியைப் பிடித்து வாதாடி நான் பார்த்த வழக்குகள் மிகக் குறைவு.

இந்தத் தட்டுகளுக்குப் பண மதிப்பும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவின்படி, யார் மீது தப்பு என்று நிரூபிக்காமலேயே இறப்புக்கு ஐந்து லட்சமும் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் கேட்கலாம். சாதாரணக் காயம் என்றால் அந்தப் பிரிவில் ஒரு ரூபாய்கூட இல்லை. 166ஆம் பிரிவில் ஓட்டுநரின் கவனக்குறைவை நிரூபித்து வாங்க வேண்டியதுதான். சுண்டுவிரலில் மயிரிழை விரிசலுக்கு இரண்டரை லட்சம் கேட்க வழி இருக்கிறது. இரண்டு மாதம் தலை திருப்ப முடியாதவர் சாட்சிக்கு ஆள் தேட வேண்டும்.

நம் ஊர் பூசலார் நாயனார் கதை இங்கே நினைவுக்கு வராமல் போகாது. மனத்துக்குள் கட்டிய கோயிலுக்கு இறைவன் வந்தார். காஞ்சியில் கற்றளி எழுப்பிய காடவர்கோன் என்னும் பல்லவ மன்னன், குடமுழுக்கு நாளைத் தள்ளிவைத்துவிட்டு நின்றவூருக்கு வந்து கோயில் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. தீர்ப்பாயங்கள் எல்லாம் காடவர்கோன் கட்சி. கல் இருந்தால்தான் கோயில் என்பார்கள்.

166ஆம் பிரிவில் எவ்வளவு கிடைக்கும்? ராஜ்குமார் எதிர் அஜய் குமார் என்ற வழக்கில் 2010 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் இன்றும் வழிகாட்டி. சாதாரணமான காய வழக்கில் மூன்று தலைப்புகளில்தான் இழப்பீடு: சிகிச்சைச் செலவு, சிகிச்சைக் காலத்தில் போன வருமானம், வலிக்கும் வேதனைக்கும் ஒரு தொகை. எதிர்கால வருமான இழப்பு போன்றவை, நிரந்தர ஊனம் இருப்பதாகத் தெளிவான மருத்துவச் சாட்சியம் வந்தால் மட்டுமே. அந்தத் தீர்ப்பில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. சிகிச்சையே தராத மருத்துவர்கள் கேட்டதும் எடுத்துக்கொடுக்கிற ஊனச் சான்றிதழை அப்படியே ஏற்காதீர்கள், தேவைப்பட்டால் மருத்துவக் குழுவுக்கு அனுப்புங்கள் என்றது. பெரிய வழக்குகளுக்கு இதைவிட நல்ல தீர்ப்பு கிடையாது. சிறு காயத்துக்கு இதன் விளைவு வேறு மாதிரி ஆனது.

அதைக் கொஞ்சம் மனம் விட்டுச் சொல்கிறேன், வக்கீல் நண்பர்கள் கோபிக்க வேண்டாம். ஒன்றரை மாதம் வேலைக்குப் போகாத ஷேர் ஆட்டோ பயணி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். பிசியோதெரபிக்குக் கொடுத்த பணத்துக்கு ரசீது இல்லை. கான்ட்ராக்ட் கூலிக்குச் சம்பளச் சீட்டு இல்லை. வலிக்கு நீதிமன்றம் கொடுப்பது கொஞ்சம். அந்தத் தொகைக்காக இரண்டு மூன்று ஆண்டு திருவள்ளூருக்கோ பூந்தமல்லிக்கோ அலைய வேண்டும், வக்கீலும் பிழைக்க வேண்டும். கணக்கு கட்டி வராது. ஆனால் ‘பத்து சதவீத ஊனம்’ என்று ஒரு சான்றிதழ் கிடைத்துவிட்டால் கணக்கே மாறிவிடும். ஒரு சதவீதத்துக்கு இத்தனை ஆயிரம் என்று பெருக்கிக் கொடுக்கிற முறை நம் மாநிலத்தில் வேரூன்றிய ஒன்று. வருமானத் திறன் இழப்புக்கும் ஊனத்துக்கும் தனித்தனியாகக் கொடுக்கலாமா என்ற சர்ச்சையை 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு சோழன் போக்குவரத்துக் கழக வழக்கில் உட்கார்ந்து தீர்க்க வேண்டியிருந்தது என்றால், சதவீதம் எவ்வளவு பெரிய நாணயம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு வாரத்தில் ஆறிப்போன வலியை வாழ்நாள் ஊனமாக எழுதச் சொல்கிற ஆசை இங்கே பிறக்கிறது. உண்மையாக அடிபட்டவர் தன் உண்மையை விட்டுவிட்டு வேறொரு கதையைச் சொல்லத் தொடங்குகிறார். இன்சூரன்ஸ் கம்பெனி எல்லாரையும் சந்தேகிக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் போலி விபத்து மனுக்களை விசாரிக்கச் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கும் அளவுக்குப் போய், அந்த விவகாரம் சஃபீக் அகமது வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றத்தின் முன்னும் வந்தது. அங்கே விபத்தே நடக்காமல் மனு. நம் பக்கத்துச் சதவீதக் கலை அதன் தம்பி. ரோட்டில் இரண்டாயிரம் வாங்கிக்கொண்டு போகிறவரும், சதவீதம் தேடி அலைகிறவரும் ஒரே பள்ளத்தின் இரண்டு கரையில் நிற்கிறார்கள். ஆறு வாரம் வலித்தது என்று உள்ளதைச் சொன்னவருக்கு உரியதைக் கொடுக்க நம்மிடம் ஒரு வழி இல்லை.

மேல்நாட்டிலும் இது தீராத தலைவலிதான், வேறு விதமாக. லிதுவேனியாவில் பின்னாலிருந்து இடிபட்ட 202 பேரைத் தேடிப்போய் விசாரித்த ஆய்வு ஒன்று 1996இல் லான்செட் இதழில் வந்தது. அந்த நாட்டில் அப்போது இதற்கெல்லாம் இன்சூரன்ஸ் கேட்கிற வழக்கம் இல்லை. ஒன்று முதல் மூன்று ஆண்டு கழித்துக் கேட்டபோது, கழுத்துவலி இடிபட்டவர்களில் 35 சதவீதம், இடிபடாதவர்களில் 33 சதவீதம். பணம் இல்லையென்றால் வலியும் இல்லை என்று இன்சூரன்ஸ் தரப்பு இதைக் கொண்டாடியது. விசாரிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், இடிபட்டவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் காயம் என்பதே தெரியாது என்று எதிர்த் தரப்பு அடித்தது. ஜெர்மனியில் 51 பேரை உட்காரவைத்து, இடிப்பது போன்ற சத்தமும் காட்சியும் மட்டும் கொடுத்து, உண்மையில் இடிக்காமலேயே விட்டார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அதன்பிறகு கழுத்துக்காய அறிகுறிகள் வந்ததாகச் சொன்னார். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணம் 1995 ஜனவரியில் வலிக்கான இழப்பீட்டை எடுத்துவிட்டுத் தப்பு பார்க்காத காப்பீட்டுக்கு மாறியது. கழுத்துக்காயக் கோரிக்கைகள் 28 சதவீதம் குறைந்தன, குணமாகிக் கணக்கு முடிய எடுத்த காலமும் பாதிக்கு மேல் சுருங்கியது. இவற்றையெல்லாம் பார்த்துவிட்டு, கழுத்துவலி எல்லாம் நடிப்பு என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. நான் அந்தப் பக்கம் போக மாட்டேன். வழக்கு இழுக்க இழுக்க வலியும் இழுக்கிறது, நோயாளி தன் உடம்பை நீதிமன்றத்துக்காகச் சுமந்துகொண்டு திரிகிறார் என்றுதான் இவை எனக்குச் சொல்கின்றன. சீக்கிரம் தீர்த்துவிடுவது மருந்து மாதிரி.

பிரிட்டனில் கோரிக்கைகள் பெருகியதும் 2018இல் ஒரு சட்டம் போட்டு, 2021 மே 31 முதல் கட்டண அட்டவணை கொண்டுவந்தார்கள். மூன்று மாதம் வரை வலித்தால் 240 பவுண்டு, பதினெட்டு முதல் இருபத்துநான்கு மாதம் வரை என்றால் 4,215 பவுண்டு. 2025 மே மாதம் அந்தத் தொகைகளைச் சுமார் 15 சதவீதம் உயர்த்தினார்கள். தொகை குறைவு என்று அங்கே வக்கீல்கள் கொதித்தார்கள், அது நியாயம்தான். ஆனால் அதே சட்டத்தில் நம் கண்ணில் பட வேண்டிய இன்னொரு விதி இருக்கிறது. மருத்துவ அறிக்கை வருவதற்கு முன்னால் இன்சூரன்ஸ் தரப்பு சமரசத் தொகை பேசவே கூடாது. சி.டி.எச். ரோட்டில் ஐந்து நிமிடத்தில் முடிகிற பஞ்சாயத்தை நினைத்துக்கொண்டு அந்த விதியைப் படித்தேன்.

பாதிக்கப்பட்டவர் கவனிக்க வேண்டிய சில விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், கேள்வி நேரத்தில் எப்படியும் கேட்பீர்கள். நண்பரின் காரில் போகும்போது அந்தக் கார் மோதி நீங்கள் அடிபட்டால், அந்த வண்டிக்கு மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் உங்களுக்கு அதில் இடமில்லை. முழுக் காப்பீடு இருந்தால் உண்டு என்று பாலகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வண்டி வாங்கும்போது மிச்சம் பிடித்த பிரீமியத்தின் விலை அன்றைக்குத்தான் தெரியும். உரிமையாளர்–ஓட்டுநருக்கான பதினைந்து லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு இறப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் மட்டுமே. கழுத்துவலிக்கு அதில் ஒன்றும் வராது.

தொழிற்பேட்டைக்குப் போகிற நம் ஊர்க்காரர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இன்னொரு கதவு இருக்கிறது, அதைத் தட்டுகிறவர்கள் குறைவு. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடக்கிற விபத்தை, நேரமும் இடமும் வேலையோடு தொடர்புடையதாக இருந்தால் வேலைக் காயமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010இல் 51ஈ பிரிவைச் சேர்த்தார்கள். புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அந்தக் கருத்து தொடர்கிறது. இ.எஸ்.ஐ. மருத்துவரிடம் காட்டி விடுப்புச் சான்றிதழ் வாங்கினால், வேலைக்குப் போகாத நாட்களுக்குத் தற்காலிக ஊனப் பயனாகப் பணம் வரும். சதவீதம் வேண்டாம், சாட்சி வேண்டாம், யார் தப்பு என்ற பேச்சே வேண்டாம். எத்தனை நாள் வேலை செய்ய முடியவில்லை என்ற ஒரே கேள்விதான். நான் இவ்வளவு நேரம் தேடிக்கொண்டிருக்கிற அளவுகோல் இதுவே. ஆனால் கான்ட்ராக்டர் உங்கள் பெயரை இ.எஸ்.ஐ.யில் ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றியிருக்கிறாரா என்பதை விபத்துக்கு முன்பே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும் என்று 2022 ஏப்ரல் முதல் விதி. அந்த விதியின் செல்லுபடியே உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகியிருக்கிறது. அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். விபத்து நடந்த ஊரில்தான் மனு என்ற கட்டாயமும் இல்லை. நீங்கள் குடியிருக்கிற எல்லைக்குட்பட்ட தீர்ப்பாயத்திலேயே போடலாம்.

கடைசியாக ஒரு சங்கதி. சிறு காயத்துக்கு இந்தியச் சட்டத்தில் ஒரு வரி இருந்தது என்பது பலருக்கு, சில வக்கீல்களுக்கும்கூட, மறந்துவிட்டது. 1994இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 163ஏ பிரிவோடு இரண்டாம் அட்டவணை வந்தபோது, கொடுங்காயத்தின் வலிக்கு 5,000 ரூபாய், கொடுங்காயம் அல்லாததற்கு 1,000 ரூபாய் என்று அச்சிட்டார்கள். தப்பை நிரூபிக்க வேண்டியதில்லை. விலைவாசி எங்கேயோ போனது, அந்த ஆயிரம் மட்டும் இருபத்து மூன்று ஆண்டுக்கு மேல் அசையவில்லை. 2018 மே 22 அன்று மத்திய அரசு அட்டவணையை மாற்றி எழுதியது. சிறு காயத்துக்கு 25,000 ரூபாய், 2019 ஜனவரி 1 முதல் ஆண்டுக்கு ஐந்து சதவீதம் தானாக உயரும் என்றது. கழுத்து பிடித்த பெண்ணுக்கு முதல்முறையாக ஒரு கௌரவமான வழி திறந்தது. அடுத்த ஆண்டே வந்த திருத்தச் சட்டம் 163ஏ பிரிவையும் அட்டவணையையும் சேர்த்து நீக்கியது. அது 2022 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தபோது, இறப்புக்கும் கொடுங்காயத்துக்கும் தொகையை வைத்துவிட்டு, சிறு காயத்தின் வரியை மட்டும் விட்டுவிட்டார்கள். பெரிய தொகைகளுக்குக் கைதட்டியவர்களில் யாரும் அந்த வரியைத் தேடவில்லை.

அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது என் கட்சி. கூடவே இரண்டு நிபந்தனை வைப்பேன்: மருத்துவர் குறைந்தது இரண்டு முறை, இரண்டு வார இடைவெளியில் பார்த்து எழுதிய சீட்டு, 149ஆம் பிரிவு ஏற்கெனவே சொல்கிறபடி இன்சூரன்ஸ் அதிகாரி முப்பது நாளுக்குள் தொகையை முன்வைப்பது. நிலையான தொகை என்றால் போலிகள் மொய்ப்பார்கள் என்று ஆட்சேபம் வரும். இப்போது மட்டும் மொய்க்காமலா இருக்கிறார்கள்? இரண்டு முறை மருத்துவரைப் பார்ப்பதும் முப்பது நாள் கெடுவும் போலிக்கு வசதியானவை அல்ல. தொகை மறுபடி உறைந்துவிடும் என்ற அச்சத்தில் அர்த்தம் இருக்கிறது, 1994இன் ஆயிரமே அதற்குச் சாட்சி. அதனால்தான் 2018இன் ஐந்து சதவீத ஏற்றத்தோடு சேர்த்துக் கேட்கிறேன். அந்த வரியை எடுக்காமல் விட்டிருந்தால், கூட்டிப் பார்த்தேன், 2025இல் அது 35,000 ரூபாயைத் தாண்டியிருக்கும்.